ஓலையில் இல்லாத வசனம்

செங்கழனி நகரத்தைக் கடம்பவர்மன் ஆண்ட காலம். கடைவீதி முச்சந்தியில் பொன்னாச்சி என்பவள் நாடகம் போடுவாள். புராணம் கிடையாது, ஊர்ச் சங்கதிதான் கதை. அந்த மாதக் கதை வளையல்காரத் தெருக் கிணறு. நகர அதிகாரி குலோத்தமராயரின் குதிரை லாயத்துக் கழிவெல்லாம் அதில்தான் கலந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் கிடந்தார்கள். பொன்னாச்சி மேடையில் குதிரை போலக் கனைத்தாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

ராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அரசரிடம் போனார்.

“மகாராஜா, இனி நான் எழுதித் தரும் ஓலையைத்தான் இவர்கள் நடிக்க வேண்டும். அதில் இல்லாத ஒரு வசனம் மேடையில் வந்தாலும், பேசியவர் அன்றே ஊரைக் காலி செய்ய வேண்டும்.”

விருந்துண்ட மயக்கத்தில் அரசர் தலையாட்டிவிட்டார்.

அரசவையில் வாயாடிப் பிழைக்கும் வெள்ளியம்பலத்திடம் பொன்னாச்சி ஓடிவந்தாள்.

“அண்ணா, எங்க வாயைக் கட்டிட்டாங்க. அந்தத் தண்ணியைக் குடிச்சு என் மக மூணு நாளா எழுந்திருக்கல. இனி அந்தக் கிணத்தைப் பத்தி யார் பேசுவாங்க?”

வெள்ளியம்பலத்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் ராயர் பிறந்ததிலிருந்து ஒரு நாடகத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்ததும், எரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

“அவர் எழுதினதை அப்படியே நடி, தாயே. உங்க மேடை வழக்கத்தை மட்டும் விட்டுடாதே. அரசரைக் கூட்டி வருவது என் பொறுப்பு.”

மறுநாள் மாலை வளையல்காரத் தெருவிலேயே மேடை. முன்வரிசையில் அரசர், பக்கத்தில் ராயர். பொன்னாச்சி கணீரென்று ஓலையைப் படித்தாள்.

“இத்தெருக் கிணற்று நீர் இளநீரினும் இனிது. பருகியவர்க்கு நோயே இல்லை.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். உடன் நடிப்பவள் ஒருத்தி கிணற்றில் ஒரு செம்பு மொண்டு மேடையில் வைத்தாள். மேலே வைக்கோல் மிதந்தது. பொன்னாச்சி அதைத் தொடாமல் நின்றாள்.

“ஏன் நிற்கிறாள்?” என்றார் அரசர்.

“மேடையில் இவர்கள் பாவனைக்குக் குடிப்பதில்லை, அரசே, நிஜமாகவே குடிப்பார்கள்” என்றார் வெள்ளியம்பலம். “ஆனால் கதை எழுதியவர் மேடையேறி முதல் வாய் குடிக்க வேண்டும். தலைமுறை வழக்கம்.”

“எனக்கு இன்று விரதம்” என்றார் ராயர்.

“இளநீரினும் இனிய தண்ணீருக்குமா விரதம்? ஏறும்” என்றார் அரசர்.

ராயர் ஏறினார். செம்பை மூக்கருகே கொண்டுபோனார். தம் குதிரைகளின் வாசனை அவருக்குத் தெரியாதா என்ன? செம்பு கை நழுவி விழுந்தது.

“இதைக் குடித்தால் மனுஷன் பிழைப்பானா!” என்று அலறிவிட்டார்.

வெள்ளியம்பலம் ஓலையை வாங்கினார். முன்னும் பின்னும் நிதானமாகப் புரட்டினார்.

“அரசே, இந்த வசனம் ஓலையில் இல்லை.”

தெருவே கொல்லென்று சிரித்தது. அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு செம்பிலிருந்து கொட்டியதைப் பார்த்து முகம் சிவந்தார்.

“ஊரைவிட்டுத் துரத்த வேண்டாம். கிணறு தெளியும்வரை இவர் இந்தத் தெருவிலேயே குடியிருக்கட்டும். குடிக்க இந்தத் தண்ணீர்தான்.”

மறுநாள் பொழுது சாயுமுன் லாயம் இடம் மாறியது. பொன்னாச்சியின் மகளைப் பார்க்க அரண்மனை வைத்தியர் வந்தார். வெள்ளியம்பலத்துக்கு முத்துமாலை கிடைத்தது. பொன்னாச்சிக்கு அவள் வசனம் திரும்பக் கிடைத்தது.

அடுத்த வாரம் அதே தெருவில் புது நாடகம், கதாநாயகன் ராயர். வாழ்நாளில் முதல்முறையாக ராயர் ஒரு நாடகத்தை முடியும்வரை பார்த்தார். அவர் குடியிருந்த வீட்டு வாசலில்தான் மேடை போட்டிருந்தார்கள்.