ஒச்சப்பன் தூக்கிய பெட்ரோல் கேன்

எங்கள் ஊத்துப்பட்டியில் மூளை இல்லாதவர்கள் யாரும் கிடையாது. எல்லாருக்கும் இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை, அவ்வளவுதான். அந்த ஊரே எங்கள் மூன்று பேரைப் பார்த்துச் சிரிக்கும் என்றால் நாங்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தவமணி, ஒச்சப்பன், அப்புறம் இதைச் சொல்கிற பெத்தணனாகிய நான்.

மூவருக்கும் சேர்த்து ஒரே மோட்டார் சைக்கிள். பழைய கார்புரேட்டர் வண்டி. அதன் டேங்க் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்த நேரம் பார்த்துத் தவமணிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் மேலப்பட்டி சீனிச்சாமியின் மகள் தனக்கொடி. தவமணி அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். சீனிச்சாமி கறாரான மனிதர். "வெள்ளிக்கிழமை உச்சிக்குள்ள வந்து பேசி முடிங்க. இல்லைன்னா வேற இடத்துல குடுத்துருவேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒழுகுகிற டேங்க்கோடு பெண் வீட்டுக்குப் போக முடியுமா? பழைய இரும்புக் கடையில் எங்கள் டேங்க்கை எடைக்குப் போட்டுவிட்டு, பளபளவென்று இருந்த ஒரு சிவப்பு டேங்க்கை வாங்கி வந்தோம். வீட்டில் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பையே காணோம்.

"இந்த ஓட்டை எதுக்குடா?" என்றான் தவமணி.

"கைய விட்டுக் கழுவுறதுக்கு" என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"அப்ப பெட்ரோல் கொட்டிறாதா?"

"இம்புட்டுப் பெரிய ஓட்டைய கம்பெனிக்காரன் யோசிக்காமயா வச்சிருப்பான்? ஊத்துப்பா" என்றான் ஒச்சப்பன்.

நியாயமாகத்தான் பட்டது. மாட்டி ஊற்றினோம். பெட்ரோல் எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. சந்தேகம் தீர இன்னொரு தடவையும் ஊற்றிப் பார்த்தோம்.

மெக்கானிக் சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டோம். வெளியூரில் ஒரு துக்க வீட்டில் இருந்த மனிதர், எங்கள் கதையைக் கேட்டு அங்கேயே சிரித்துத் தொலைத்துவிட்டார்.

"டேய், அது இன்ஜெக்‌ஷன் வண்டி டேங்க்டா. அந்த ஓட்டையில பம்ப்பு உக்காரும், அதுதான் பெட்ரோலை அழுத்தி அனுப்பும். உங்க வண்டிக்குப் பம்ப்பே வேணாம். பெட்ரோல் கார்புரேட்டருக்கு மேல இருந்தாப் போதும், தானா இறங்கும். அவசரம்னா ஒரு கேன் அடியில ட்யூபைச் சொருகி, மறுமுனையைக் கார்புரேட்டர்ல மாட்டி, பின்னாடி ஒருத்தன் தூக்கிப் புடிச்சுக்கங்க. மூடியைத் தொறந்து வைங்க, காத்து போகணும். எந்தக் காரணத்தைக் கொண்டும் கேனைக் கீழ இறக்கிறாதீங்க."

அப்படியே செய்தோம். சிவப்பு டேங்க்கைக் கழற்றவில்லை. பெண் வீட்டுக்கு மொட்டை வண்டியில் போவது மரியாதை இல்லையே. ஆனால் கேனை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது என்பதில் பெரிய விவாதம் வந்தது.

"மேல இருந்தா இறங்கும்னா, இன்னும் மேல இருந்தா இன்னும் வேகமா இறங்கும்ல?" என்றேன்.

"அப்ப வண்டியும் வேகமாப் போகும்!" என்றான் தவமணி.

எங்களில் நெட்டையன் ஒச்சப்பன்தான். அவன் கடைசியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கேனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டான். வண்டி பறந்தது. அது இறக்கமான ரோடு என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

வழியில் மாரியம்மன் கோயில் பால்குடம். கூட்டத்தில் வண்டி நின்றது. தலைக்குமேல் கேனோடு ஒருவனைக் கண்டதும் பெண்கள் ஓடிவந்து அவன் காலில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசினார்கள். ஒரு அம்மா கோயில் படியில் ஏறி நின்று, பக்தியோடு தன் செம்புப் பாலைக் கேனுக்குள் ஊற்றிவிட்டது. ஒச்சப்பன் ஏன் தடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். வாயில்தான் மூடி இருந்ததே.

மேலப்பட்டி எல்லையில் வண்டி இருமியது, வெள்ளையாகப் புகைத்தது, நின்றுவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தவமணிக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் அவனும் தள்ளினோம். ஒச்சப்பன் கேனைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடந்தான்.

"எஞ்சின்தான் நின்னு போச்சே, இறக்கேன்டா" என்றேன்.

மூடியை என் கையில் துப்பிவிட்டுச் சொன்னான்: "எந்தக் காரணத்தைக் கொண்டும்னு பாய் சொன்னாரு."

நியாயம்தான் என்று மறுபடியும் தள்ளினோம்.

சீனிச்சாமி வீட்டு வாசலில் புத்தம் புது இன்ஜெக்‌ஷன் வண்டி நின்றது. வேறு மாப்பிள்ளை வந்துவிட்டான்! தவமணியின் முகம் செத்துப்போயிற்று. சீனிச்சாமி வெளியே வந்து எங்கள் கேனை அண்ணாந்து பார்த்தார். ட்யூபைப் பார்த்தார். பிறகு அந்த மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"தம்பி, உங்க வண்டியில பெட்ரோல் எங்க இருக்கு?"

"டேங்க்குக்குள்ளங்க."

"பம்ப்பு?"

"அதுவும் உள்ளதாங்க."

"எல்லாம் உள்ளயேவா? வெளிய எதையும் காட்ட மாட்டீகளோ?" சீனிச்சாமியின் மீசை துடித்தது. "இந்தப் பயலுகளைப் பாருங்க. பெட்ரோலைக்கூட ஊரே பாக்கத் தூக்கிப் புடிச்சு வந்திருக்கானுக. ஒளிவு மறைவு கிடையாது. என் மக தவமணிக்குத்தான்!"

தவமணி சந்தோஷத்தில் அழுதான். நானும் அழுதேன். ஒச்சப்பனின் கண்ணை நான்தான் துடைத்துவிட்டேன்.

ஊர் திரும்பிய சிக்கந்தர் பாய் சரியான டேங்க் ஒன்றைக் கொண்டுவந்தார். சீனிச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. "டேங்க்கை மாத்தினா சம்பந்தமும் மாறிரும்" என்றுவிட்டார். மகள் கேன் தூக்க மாட்டாள் என்பதும் அவர் கண்டிஷன். ஆகவே கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கும், கோயிலுக்கும், சினிமாவுக்கும் புருஷன் பெண்டாட்டியோடு ஒச்சப்பனும் கேனோடு போகிறான்.

போன மாதம் அவன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டான். "எனக்கும் ஒரு கல்யாணம் ஆகி நான் தனியாப் போயிட்டா, கேனை யாருப்பா புடிக்கிறது?"

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்து, அவனைவிட நெட்டையான பெண்ணாகப் பார்த்து அவனுக்குக் கட்டிவைத்து, அவளையே பிடிக்கச் சொல்வது என்று முடிவு செய்தோம். அன்றிலிருந்து பெண் பார்க்கப் போகிற வீட்டில் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் நாங்கள் கேட்பதில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கச் சொல்கிறோம்.