பட்டாணி கேட்ட வீடு

இது நான் நேரில் பார்த்தது இல்லை. விடுதியில் என் அறையில் இருந்த இசக்கிராஜ் சொன்னது. அவனுக்கு அவன் சித்தி சொன்னாளாம். சித்தி வீடு அந்தத் தெருவில்தான். அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

"அம்மா, இந்த வீட்டில் மௌனம் நிற்கவில்லை."

ஆவுடையப்பன் சிலேட்டில் எழுதி நீட்டினார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கோமதி அம்மா வாங்கிப் படித்தார். அவருக்கு நாற்பது வயதுதான். அவர்தான் குரு. அறுபது தாண்டியவர் சீடர்.

"ஏன் ஐயா, பேசிட்டீங்களா?"

அழித்துவிட்டு எழுதினார்: "நான் பேசவில்லை. ஆடு பேசுகிறது."

"ஆட்டுக்கு நான் மௌனம் சொல்லலையே."

மனம் அடங்க வழி கேட்டு வந்தவர் அவர். ஒரு மண்டலம் என் வீட்டிலேயே வாய் திறக்காமல் இருங்கள், அப்புறம் கேளுங்கள் என்று கோமதி அம்மா சொல்லியிருந்தார். நடுவில் ஒரு சொல் வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டு நாய்கள், எண்ணிக்கை தெரியாத பூனைகள், கழுத்தில் மணி கட்டிய ஒரு வெள்ளாடு, எதற்கெடுத்தாலும் கத்தும் ஒரு வான்கோழி.

போதாததற்கு, ஆவுடையப்பன் மௌனம் தொடங்கிய பிறகு, யாரோ வாசலில் ஒரு நாயை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு இரண்டு கண்ணும் கிடையாது. பட்டாணி என்று பெயர் வைத்தார்கள்.

புதிதாக வருபவர்கள் பட்டாணியின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கும் வரை அதற்குக் கண் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வீட்டை விலைக்கு வாங்கியவன் மாதிரி நடக்கும். மணி கேட்கிற பக்கம் கொல்லை. வான்கோழி கத்துகிற பக்கம் வாசல். பாத்திரம் உருளுகிற பக்கம் சோறு.

ஆவுடையப்பன் இதையெல்லாம் கவனித்தது இல்லை. அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மண்டலத்தின் கடைசி நாள் வந்தது.

"ஒரு கல்யாணம். அம்பாசமுத்திரம் வரைக்கும் போயிட்டு வந்திடறேன். வீடு உங்க பொறுப்பு, ஐயா."

ஆவுடையப்பன் தலையாட்டினார். ஒரு நாளாவது உண்மையான மௌனம் கிடைக்கட்டும் என்று நினைத்தார்.

ஆட்டையும் இரண்டு நாய்களையும் பக்கத்துத் தோப்பில் கட்டிவிட்டு வந்தார். வான்கோழியின் மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, அதற்கு மேலே சாக்கைப் போட்டார். இருட்டென்று நினைத்து அது அடங்கிவிட்டது. வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவினார். மின்விசிறியையும் நிறுத்தினார்.

பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஒன்றும் செய்யவில்லை.

உட்கார்ந்தார்.

சத்தமே இல்லை. இதுதான், இதைத்தான் இத்தனை நாள் கேட்டேன் என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்ததாம்.

கண்ணைத் திறந்தபோது பட்டாணி இல்லை. தோப்புக்குப் போய் வந்தவர் வெளிக்கதவைச் சாத்தவில்லை.

தூங்கி எழுந்த நாய்க்கு மணி கேட்கவில்லை. வான்கோழி கேட்கவில்லை. பினாயிலைத் தவிர ஒரு வாசனையும் இல்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிட்டது.

தெரு முனையில், டீக்கடையையும் தாண்டி நின்றது. தலையை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. அதற்கு அப்பால் நெடுஞ்சாலை. மணல் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அவர் ஓடினார். எட்டிப் பிடிக்கிற தூரம் இல்லை.

"பட்டாணி!"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏ அண்ணாச்சி! உமக்குப் பேச வருமா? நாங்க ஊமைன்னுல்லா நெனச்சோம்!"

"பட்டாணி! இங்க வா!"

நாய் திடுக்கிட்டு இன்னும் நாலடி சாலைப் பக்கம் போனது. வந்த நாளிலிருந்து அது அவர் குரலைக் கேட்டதே இல்லை. யாரோ ஓர் ஆள் கத்துகிறான், அவ்வளவுதான் அதற்கு.

ஆவுடையப்பன் அப்படியே நின்றார். ஓடினால் அது இன்னும் ஓடும். கூப்பிட்டாலும் ஓடும்.

ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ம்ம்மே... ஏ... ஏ..."

பட்டாணியின் காது நிமிர்ந்தது.

"ம்ம்மே..."

"அண்ணாச்சி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அவர் கழுத்தை நீட்டி, கன்னத்தை உதறி, "கிளுகிளுகிளுகிளு" என்று வான்கோழி மாதிரி கத்தினார். பட்டாணியின் வால் ஆடியது. திரும்பியது. ஓரடி வைத்தது.

ஆவுடையப்பன் பின்பக்கமாகவே நடந்தார். ஆடு, வான்கோழி, ஆடு, வான்கோழி. கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஆடு போதும் அண்ணாச்சி, வான்கோழியப் போடுங்க!"

"சத்தமா! இன்னும் சத்தமா!"

இந்த இடத்தை இசக்கிராஜ் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

வாசலுக்கு வந்து அவர் ஒரு தடவை கத்தியதும், சாக்குக்கு அடியிலிருந்து நிஜ வான்கோழி பதில் கொடுத்தது. அவ்வளவுதான். பட்டாணி அவர் காலை இடித்துத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் பாய்ந்தது.

கோமதி அம்மா மாலையில் திரும்பியபோது எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. ஆடு கத்திக்கொண்டிருந்தது. சீடர் வாசலில் கைகட்டி நின்றார்.

"அம்மா, மௌனம் போச்சு."

"என்ன பேசினீங்க?"

"பட்டாணின்னு கூப்பிட்டேன். வரலை."

"அப்புறம்?"

"ஆடு மாதிரி கத்தினேன். வான்கோழி மாதிரியும்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. முதல்ல இருந்து தொடங்கணுமா, அம்மா?"

"எங்கே, கத்திக் காட்டுங்க."

அவர் தெருவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கத்தினார். வான்கோழி கத்தியது. நாய்கள் குரைத்தன. ஒரு பூனை அலமாரியிலிருந்து எதையோ தள்ளிவிட்டது. பட்டாணி எங்கிருந்தோ ஓடிவந்து அவர் கால்மேல் விழுந்தது.

கோமதி அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வான்கோழி பரவாயில்லை. ஆடு இன்னும் சரியா வரலை, ஐயா. நாளைக்குக் காலையில இருந்து பழகுங்க."

போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்காக அந்தப் பக்கம் போனேன். டீக்கடையில் விசாரித்தேன். வான்கோழி செத்து ஒரு வருஷம் ஆகிறதாம்.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு வாசலிலிருந்து வான்கோழிச் சத்தம் கேட்டது. கண் இல்லாத ஒரு நாய் என் முழங்காலை உரசிக்கொண்டு நேராக அதை நோக்கி ஓடியது.