பூனை நடந்த கல்யாணக் கவர்

ஒரு ஊர்ல ஒரு கையெழுத்து இருந்துச்சாம். சிரிக்காதே சிட்டு, நெசமாத்தான். அந்த ஊர்ல வழி கேக்குறவங்களுக்கு, "கையெழுத்துக்காரி வீட்டுக்கு அடுத்த வீடு"ன்னுதான் வழி சொல்லுவாங்களாம். அந்தக் கையெழுத்துக்காரி பேரு குயிலி. எட்டாவது படிக்கிறா. அவ மை பேனாவைக் கையில புடிச்சான்னா, எலையில பரிமாறின மாதிரி ஒவ்வொரு எழுத்தும் அதது எடத்துல போய் உக்காந்துக்கும். எங்க, ம் கொட்டு. ம் கொட்டலைன்னா குயிலி எழுத மாட்டா.

"ம்."

அப்புறம், குயிலியோட அக்கா தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. பத்திரிகை அடிச்சு வந்துச்சு. தேன்மொழி சொன்னா, "கவர்ல பேரெல்லாம் குயிலிதான் எழுதணும். அதுவும் ஊதா மையிலதான் எழுதணும்." ஏன்னா அவ எடுத்திருந்த பட்டுப்புடவை கத்தரிப்பூ கலரு. காய் இல்ல, பூ. காய் கன்னங்கரேல்னு மினுக்கும். பூ இருக்கே, அது வெக்கப்பட்ட மாதிரி இருக்கும். அக்காகிட்ட, எப்பவோ கடையில வாங்கின ஒரு மை பாட்டில் இருந்துச்சு, அச்சு அசல் அந்தக் கலரு. லேபிள் மட்டும் உரிஞ்சு போயிருந்துச்சு. என்ன மைன்னு யாருக்கும் தெரியாது.

இதுல பயம் எங்க இருக்குன்னு பாக்குறியா? இரு, வருது. மாப்பிள்ளைக்கு ஒரு அத்தை. பேரு பெரியநாயகி. அவங்கதான் மாப்பிள்ளையை வளத்தவங்க. அந்த வீட்டுல அவங்க தலையாட்டினாத்தான் அடுப்பே எரியும். மூக்கு நுனியில கண்ணாடி, கண்ணாடிக்கு மேல கண்ணு. நிச்சயதார்த்தத்தன்னிக்கு எல்லாருக்கும் காபி குடுத்தாங்க. அத்தை டம்ளரைத் தூக்கி, திருப்பி, அடியில எல்லாம் பாத்தாங்க. அப்போ, "ஹூம்ம்ம்... எங்களுக்கு எவர்சில்வர். உங்க ஆளுங்களுக்கு மட்டும் பித்தளையாக்கும்?"

டொக்! டம்ளரைக் கீழ வச்சுட்டாங்க. மேளம் நின்னுச்சு. தட்டு மாத்துறது நின்னுச்சு. குயிலியோட அப்பா மாசிலாமணி வேட்டி தடுக்கத் தடுக்க ஓடிப்போய்க் கெஞ்சினாரு. அத்தை போனாப் போகுதுன்னு தலையாட்டினாங்க. "இன்னொரு தடவை எங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு பாத்தேன்... தட்டைத் திருப்பி அனுப்பிட்டு என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன், ஆமா."

அன்னியிலேருந்து தேன்மொழி, டம்ளர் விழுற சத்தம் கேட்டாக்கூட அழுதுருவா.

"ம்..."

அப்புறம், குயிலி பொண்ணு வீட்டுப் பக்கத்துச் சொந்தக்காரங்க பேரையெல்லாம் எழுதி முடிச்சுட்டா. மை காஞ்சு, கவர் பூரா கத்தரிப்பூ பூத்திருந்துச்சு. இன்னும் மாப்பிள்ளை பக்கம் மட்டும்தான் பாக்கி. சாயங்கால பஸ்ஸுல அப்பா அந்த ஊருக்குப் போகணும். அத்தை இருக்கற தெருவுலயே இவங்க சொந்தக்காரங்க வீடும் இருக்கு. அங்கயும் கவர் குடுக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அத்தை பாக்காம இருப்பாங்களா? ஒரு பொட்டு கலர் மாறக்கூடாது.

அப்போ ஜன்னல்ல தூங்கிட்டிருந்த பூனை, தொப்! பாட்டில் கடகடகடகட... டமால்! குளுக், குளுக், குளுக்.

"பூனைக்கு அடி விழுந்துச்சாக்கா?"

எங்க விழுறது? அது "மியா...வ், நான் என் வழியிலதான் வந்தேன், உன் பாட்டில்தான் குறுக்க நின்னுச்சு"ன்னு சொல்லிட்டு, மையில நடந்து, அச்சாபீஸ்ல கூடுதலா குடுத்திருந்த ஒரே ஒரு காலிக் கவர் மேலயும் நடந்து, வாலைத் தூக்கிட்டுப் போயிருச்சு. கவர் மேல பூனைக் கால். அது காய்ஞ்சுது. கத்தரிப்பூ கலரு பூனைக் கால்!

அக்கா தையக்காரர்கிட்ட ரவிக்கை வாங்கப் போயிருக்கா. அப்பா வெத்தல பாக்கு வாங்கப் போயிருக்காரு. யாருக்கும் தெரியுறதுக்குள்ள இதே மையை வாங்கிரணும். பூனைக் கவரை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டா, பேனாவைக் கழுவி எடுத்துக்கிட்டா, ஓடினா.

முதல்ல பஜார் முனையில ஒரு நோட்டுக்கடை. கடைக்காரர் அப்பத்தான் மூக்குப்பொடி போட்டிருந்தாரு. "ஊ... ஊ... ஹ... ஹச்! ஊதாவாம்மா? இந்தா, தொட்டு எழு... ஹச்! எழுதிப் பாரு." குயிலி நிப்பைத் தொட்டு, பூனைக் காலுக்குப் பக்கத்துல ஒரு பிள்ளையார் சுழி போட்டா. ஐயையோ! செவப்பு தூக்கலா வாடாமல்லிப் பூ மாதிரி. இதை எழுதி அனுப்புனா அத்தை, டொக்! "வேணாங்க"ன்னு ஓடினா.

அப்புறம் ரெண்டாவதா பேனா ரிப்பேர் பாக்குற கடை. அந்த அண்ணன் பேசுறதே ரயிலு போற மாதிரி இருக்கும். "எடு எடு எடு, பாரு பாரு பாரு, இதைவிட நல்ல மை ஊருலயே கெடையாது கெடையாது." ரெண்டாவது பிள்ளையார் சுழி. அடப்பாவமே, நாவப்பழம்! எட்ட நின்னு பாத்தா கருப்பு. கல்யாணக் கவர்ல கருப்பு மையா? அத்தை, டொக்! டொக்!

அப்புறம் மூணாவதா பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ஸ்டோர்ஸ். அங்க ஒரு அம்மா. அவங்க ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு தோசை வெந்துரும். "எ...ன்...ன... வே...ணு...ம்மா?" மூணாவது பிள்ளையார் சுழி. பாத்தா... அதேதான்! பூனைக் காலும் சுழியும் அக்கா தங்கச்சி மாதிரி ஒண்ணா இருக்கு. "இதுதான், இதேதான்!" பாட்டிலை வாங்கிக்கிட்டா. அந்த அம்மா, "நி...ல்லு...ம்மா... கா..."ன்னு ஏதோ ஆரம்பிச்சாங்க. குயிலி எங்க நிக்கிறா? தெருமுனை தாண்டிட்டா. சிட்டு, முழிச்சிருக்கியா?

"ம். அப்புறம்?"

அப்புறம் வீட்டுக்கு வந்து, முதல் கவரை எடுத்தா. அவங்க வீட்டு வழக்கம், பெரியவங்க பேரைத்தான் முதல்ல எழுதணும். அதனால எழுதினா: "திருமதி பெரியநாயகி அம்மாள் அவர்கள்." விசிறியால விசிறினா. ரெண்டாவது கவரை எடுக்கப் போனவ, சும்மா ஒரு தடவை திரும்பிப் பாத்தா.

பேரு நீலமா இருந்துச்சு. சங்குப்பூ மாதிரி பளிச்சுனு நீலம்.

ஈரத்துல ஊதா, காய்ஞ்சா நீலம்! அப்பத்தான் அந்த அம்மா சொல்ல வந்தது புரிஞ்சுது. "காயட்டும்மா"ன்னுதான் சொல்ல வந்திருக்காங்க! பூனைக் கவரைப் பிரிச்சா. மூணாவது சுழியும் நீலம். ரெண்டாவது இன்னும் நாவப்பழந்தான். முதல் சுழி... வாடாமல்லின்னு வேணாம்னு வந்தாளே, அந்த முதல் சுழி, செவப்பெல்லாம் அடங்கி, கத்தரிப்பூவா உக்காந்திருக்கு! பூனைக் காலுக்கும் அதுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல.

ஓடினா பாரு, ஒரு கால்ல செருப்பு இருக்கு, இன்னொரு கால்ல இல்ல. நோட்டுக்கடை ஷட்டர் கிர்ர்ர்ர்னு எறங்குது. சாப்பாட்டு நேரம். "ஐயா! ஐயா!"

"காலையில மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போ... ஹச்! போனது நீதானே?"

"நான்தாங்க. தெரியாமப் போயிட்டேங்க. உங்க மைதாங்க நல்ல மை."

அவருக்கு மனசு எறங்கிருச்சு. ஷட்டர் கிர்ர்ர்னு ஏறிருச்சு. பாட்டில் வந்துச்சு. வீட்டுக்கு வந்து, பேனாவைத் தண்ணி தெளியுற வரைக்கும் அலசி, மையடைச்சு எழுதினா, எழுதினா, எழுதிக்கிட்டே இருந்தா. ஒவ்வொண்ணும் காய்ஞ்சு கத்தரிப்பூ. ஆனா பெரியநாயகி அத்தை கவர்? அதுக்கு மாத்துக் கவர் எங்க? இருந்த ஒண்ணுலதான் பூனை நடந்துருச்சே! ஊருக்கெல்லாம் ஒரே கலரு, யாருக்கு வேறயா இருக்கவே கூடாதோ அவங்களுக்கு மட்டும் வேற கலரு.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குல்ல கண்ணு?" அப்பா கவரைப் பையில அடுக்கிக்கிட்டே கேட்டாரு. குயிலி குனிஞ்சு பையோட வாரைச் சரி பண்ணினா. அக்கா வாசல்ல நின்னு, "அத்தைகிட்ட பாத்துப் பேசுங்கப்பா"ன்னா. அவ கண்ணு இப்பவே கலங்கியிருந்துச்சு. அதைப் பாத்ததும் குயிலி, "நானும் வரேம்ப்பா"ன்னு பையைத் தூக்கிக்கிட்டா. திட்டு விழுந்தா தன் மேல விழட்டும்னு.

பஸ் போகுது, டர்ர்ர்ர். குயிலி நெஞ்சு அதைவிட வேகமாப் போகுது, திக் திக் திக்.

அத்தை வீடு. அத்தை ஊஞ்சல்ல உக்காந்திருக்காங்க. கிரீச்... கிரீச்... அப்பா தட்டை நீட்டினாரு. அத்தை அந்த வீட்டுக் கவரையெல்லாம் எடுத்து, சீட்டாட்டம் மாதிரி ஊஞ்சல் பலகையில பரப்பினாங்க. கண்ணாடியை எறக்கினாங்க. கிரீச் நின்னுபோச்சு.

"ஹூம்ம்ம்... எல்லாருக்கும் கத்தரிப்பூ. எனக்கு மட்டும் ஏன் நீலம்?"

அப்பா மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு. குயிலி ஒரு அடி முன்னாடி வந்தா.

"அத்தை... உங்க பக்கத்துல முதல் பேரு உங்க பேருதான் எழுதினேன்."

"முதல்லயா?"

"ஆமா. பெரியவங்க பேருதானே முதல்ல எழுதணும்? அதை எழுதின மை வேற. அந்த மையில வேற யாருக்குமே எழுதல."

அத்தை கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. "என் தம்பிக்கு?"

"எழுதலை அத்தை."

"என் தம்பி பொண்டாட்டிக்கு?"

"அவங்களுக்கும் இல்ல."

அப்போ அத்தை ஒதட்டு ஓரத்துல ஏதோ ஒண்ணு நெளிஞ்சுது. யாரும் பாத்ததே இல்லாதது, அதனால அது சிரிப்புன்னு தெரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் உள்பக்கம் திரும்பித் தம்பி பொண்டாட்டியைக் கூப்பிட்டு, "அடியே! இங்க வந்து பாரு. உன் கவர் ஊரோட ஒண்ணு. என் கவரைப் பாரு!" கவரைக் கொண்டுபோய் நிலைக்கண்ணாடியில சொருகி, வர்றவங்க கண்ணுல படுற மாதிரி திருப்பி வச்சாங்க.

அப்புறம் எல்லாருக்கும் காபி வந்துச்சு. எவர்சில்வர் டம்ளர்ல. குயிலிக்கு மட்டும் பால், பளபளன்னு தேய்ச்ச பித்தளை டம்ளர்ல. அப்பா தன் டம்ளரைப் பாத்தாரு, குயிலி டம்ளரைப் பாத்தாரு, மடக் மடக்னு குடிச்சுட்டாரு.

மை காஞ்சுது, கதை ஓஞ்சுது, கண்ணை மூடு சிட்டு. சிட்டு? எங்க, ம் கொட்டு...

சரி, சரி. தூங்கு.