எறும்புத்தின்னி மாளிகை

“அடுத்தவன் வயிறு எரியணும்னு ஒரு காரியத்தைத் தொடங்கினா, மகனே...” என்று கிழராஜா அடிக்கடி சொல்வார். மீதி என்னவென்று மகன் மணிமார்பனுக்கு நினைவில்லை. பாதிப் பேச்சிலேயே எழுந்து போகிற பிள்ளை அவன்.

இது ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைக்காத காலத்துக் கதை. மணிமார்பன் பட்டத்துக்கு வந்த புதிதில், பக்கத்து நாட்டரசன் யானை வடிவில் ஒரு மாளிகை கட்டினான். மணிமார்பன் விடுவானா? சுருண்டு படுத்த எறும்புத்தின்னி போலவே ஒன்றை எழுப்பினான். முதுகெல்லாம் செதில் செதிலாகச் செப்பு ஓடு. வாய்தான் வாசல். வாலிலே படிக்கட்டு, ஏறினால் எங்கேயும் போகாது!

பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குடியிருக்க ஒருவரும் வரவில்லை. சும்மா கிடந்த வீட்டுக்கு ஒருநாள் உயிர் வந்துவிட்டது.

அன்று மணிமார்பனின் மகள் இளவரசி செங்கமலம் உள்ளே போனாள்.

“பார்க்க வந்தாயா, இருக்க வந்தாயா?” என்றது வீடு.

“பார்க்கத்தான்!”

படக்கென்று வாய் மூடிக்கொண்டது.

மந்திரி ஓடினார். வாய் திறந்தது. “பார்க்க வந்தாயா, இருக்க வந்தாயா?”

“பேச வந்தேன்.” படக்!

தளபதி கோடரியோடு போனார். “பார்க்க வந்தாயா, இருக்க வந்தாயா?”

“இடிக்க வந்தேன்!” படக்!

அரசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ராணி அல்லிக்கொடி கேட்டாள்: “ஊரையே கூட்டிக் காட்டினீங்களே, அங்கே பால் காய்ச்சினீங்களா?”

“வேடிக்கைக்குக் கட்டினது அல்லி, அது.”

“நல்ல வேடிக்கை! பெத்த பிள்ளையை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்கு. குடிசை போட்டவன்கூடப் பால் காய்ச்சித்தானே குடிபோறான்?”

அரசன் பானையும் பாலும் விறகும் தானே சுமந்து போனான்.

“பார்க்க வந்தாயா, இருக்க வந்தாயா?”

“பால் காய்ச்ச வந்தேன்.”

வீடு கொஞ்சம் யோசித்தது. “பொங்கினால் எல்லோரையும் விடுகிறேன். ஆனால் காய்ச்சினவன் இங்கேதான் குடியிருக்கணும். சம்மதமா?”

“சம்மதம்.”

வாசற்படியிலேயே அடுப்புக் கூட்டினான். முதல் தரம் ஊதினான், புகை. இரண்டாம் தரம் ஊதினான், கண்ணீர். மூன்றாம் தரம் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் கவிழ்ந்து ஊதினான். தீ பிடித்தது. பால் பொங்கியது! செப்பு ஓடுகள் கலகலவென்று சிலிர்த்தன. மாயம் கலைந்து வாய் அகலத் திறந்தது.

“அப்பா, மூஞ்சியெல்லாம் கரி!” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள் செங்கமலம்.

பின்னாலேயே வந்த மந்திரி காதருகே குனிந்தார். “வீட்டுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் ஒரு வாக்கா, மகாராஜா? வாங்க, பல்லக்கு நிற்குது.”

அரசன் பல்லக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் பாயையும் ராணியின் பாயையும் அங்கே எடுத்துவரச் சொன்னான்.