பூவாயி எண்ணாத பெயர்

ராஜாக்கள் பிறப்பதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ச் சேதியையெல்லாம் பறவைகளே சுமந்துபோன காலம். அப்போது தாழைவாய் ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரிக்கு மேற்கே, விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பறந்து சேரக்கூடிய தூரத்தில், கூவல்மலை நின்றது.

ஏரியில் ஒரு கூழைக்கடா இருந்தாள். பேர் பூவாயி. கூழைக்கடாவைப் பார்த்திருப்பீர்கள். கனத்த உடம்பு, நீள அலகு, அலகுக்குக் கீழே தொங்குகிற தோல்பை. அந்தப் பையில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும். பூவாயி நல்லவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. பிடித்த மீனில் பாதியை நொண்டி நாரைக்குக் கொடுப்பாள். குறை ஒன்றே ஒன்று. தன் சிநேகிதிக்கு இன்னொரு சிநேகிதி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டால் அவளுக்கு மீன் தொண்டையில் இறங்காது.

சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேருக்கு அப்படி இறங்காமல் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய சிநேகிதி கூவல்மலையில் வாழ்ந்த ஒரு இருவாச்சி, பழம் தின்கிற பெரிய அலகுப் பறவை. அத்தியம்மை என்று பேர். ஒரு பஞ்ச வருஷத்தில் மலைச்சுனை எல்லாம் வற்றிப்போய், அத்தியம்மை மயங்கி ஏரிக்கரையில் வந்து விழுந்தாள். பூவாயி பையில் தண்ணீர் மொண்டு வந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். மூன்று நாள் ஊற்றினாள். அன்றைக்குப் பிடித்த சிநேகம் அது. அதன்பிறகு ஒவ்வொரு தை மாதமும் அத்தியம்மை மலையிறங்கி வருவாள், வாயில் ஒரு அத்திப்பழத்தோடு. கூழைக்கடா பழம் தின்னுமா? தின்னாது. பூவாயி அந்தப் பழத்தை ஒரு கல்லின்மேல் வைத்து, அது காய்ந்து சுருங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு பிரியம்.

இந்த வருஷம் தை மாதம் அத்தியம்மை வந்தாள். பழமும் வந்தது. கூடவே ஒரு பேரும் வந்தது.

"பூவாயி, எங்க மலைக்குச் செங்கொண்டைன்னு ஒரு மரங்கொத்தி குடி வந்திருக்கா. எனக்குப் பொந்து பார்த்துக் கொடுத்ததே அவதான்" என்றாள் அத்தியம்மை.

பூவாயி அலகிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள். ஆனாலும், "அப்படியா, நல்லது" என்றாள்.

அத்தியம்மை மேலே பேசிக்கொண்டே போனாள். இருவாச்சிக் குலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துவிடுவாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடுவாள். மூன்று மாதம் உள்ளேயே இருப்பாள். புருஷன் சந்து வழியாகப் பழம் ஊட்டுவான். அந்த மூன்று மாதத்தில் அவள் சிறகில் இருக்கிற இறகெல்லாம் உதிர்ந்துவிடும். புதுசு முளைக்கும்வரை ஒரு கிளை தாண்டிக்கூடப் பறக்க முடியாது.

இதையெல்லாம் அத்தியம்மை அன்றைக்கு விளக்கமாகச் சொன்னாள். முதல் தடவையாக அடைகாக்கப் போகிறாள் இல்லையா, அவளுக்குப் பயம் இருந்தது. இன்னும் ஒன்றும் சொன்னாள், கதையில் முக்கியமான பேச்சு அதுதான்.

பூவாயி காதில் ஒன்றும் விழவில்லை. அவள் வேறு வேலையாக இருந்தாள். இந்தப் பேச்சில் செங்கொண்டையின் பேர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. ஐந்து. ஐந்து தடவை வந்தது. கடைசியில் அவள் மனசில் நின்றது இரண்டுதான். செங்கொண்டை ஐந்து தடவை. வாசலை அடைக்கப் போகிறாள்.

கூழைக்கடாக் குலத்தில் கதவு என்பதே கிடையாது. திறந்த கிளையில் கூட்டமாகக் கூடு கட்டி, ஊரே பார்க்க முட்டையிடுகிற குலம். வாசலை அடைப்பது என்றால் பூவாயிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். "என்னை வராதேன்னு சொல்றா. அவளைப் பக்கத்தில வச்சுக்கிட்டு என்னை வெளியே நிறுத்துறா."

அத்தியம்மை போய்விட்டாள். பூவாயி அந்த வருஷத்துப் பழத்தைக் கல்லின்மேல் வைக்கவில்லை. தண்ணீரில் தள்ளிவிட்டாள். பிறகு அது மிதந்து போகிறதைப் பார்த்து அழுதாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மாசி போனது, பங்குனி போனது. சித்திரை பிறந்து, வெயில் மலையைக் காய்ச்சி எடுத்தது. மூங்கிலும் மூங்கிலும் உரசி, ஒரு நாள் விடியற்காலையில் கூவல்மலையில் தீப்பிடித்தது. பொழுது புலர்ந்தபோது மேற்கே பாதி வானம் புகையாக இருந்தது.

ஏரிப் பறவைகளுக்கெல்லாம் மலையில் உறவோ சிநேகமோ உண்டு. நாரையும் நீர்க்காகமும் தாராவும் கரைக்கு ஓடி வந்து நின்றன. பூவாயியும் வந்தாள். நொண்டி நாரை அவளைப் பார்த்து, "ஏன் பூவாயி, நீ போய்ப் பார்க்கலையா? உன் சிநேகிதி அங்கதானே இருக்கா?" என்று கேட்டது.

"சிறகு இருக்கிறவ பறந்து வருவா. வரட்டும். இங்க வந்துதானே ஆகணும்" என்றாள் பூவாயி. அவள் வந்ததும் என்ன கேட்க வேண்டும், எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தாள்.

முதலில் பச்சைப்புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கின. இறக்கையில் சாம்பல். நாரை நொண்டிக்கொண்டே போய், "எங்க கொக்குக் குடும்பம் தப்பிச்சுதா?" என்றது. நீர்க்காகம், "என் மாமன் உயிரோட இருக்காரா?" என்றது. பூவாயி மெதுவாகப் போய், "அத்தியம்மை என்னைக் கேட்டாளா?" என்றாள்.

புறாக்கள் விழித்தன. "யாரு யாரைக் கேட்கிறது அம்மா? ஓடி வந்ததே பெரும்பாடு" என்றன.

"அப்போ கேட்கலை" என்று சொல்லிவிட்டுப் பூவாயி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. புகை இன்னும் கறுத்தது. ஒரு கருமந்தி வால் பொசுங்கி, இருமிக்கொண்டு வந்து ஏரியில் வாய் வைத்தது. பூவாயி அதன் பக்கத்தில் போய் நின்றாள். இந்தத் தடவையாவது சரியான கேள்வி கேட்டாளா? எங்கே.

"அத்தியம்மையோட மரம் தெரியுமா உனக்கு? அவ பக்கத்தில யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

"தெரியுமே. மரங்கொத்தி இருந்துச்சு. காலையிலிருந்து அந்த மரத்தையே விடாம கொத்திக்கிட்டு இருக்கு" என்றது மந்தி.

பூவாயிக்கு அது போதும். பற்றி எரிகிற மலையில் ஒரு மரங்கொத்தி ஏன் ஒரே இடத்தில் விடாமல் கொத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பொறாமை புகுந்த புத்தி அப்படித்தான் வேலை செய்யும். "ஊரே எரியுது, இவங்களுக்குக் கொஞ்சல் கேக்குது" என்று முணுமுணுத்தாள். மேற்கே பார்க்கவே கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஆனாலும் கழுத்து அடிக்கடி திரும்பியது. பிரியம் இருக்கிற கழுத்து திரும்பாமல் என்ன செய்யும்?

பொழுது மேற்கே சாயத் தொடங்கியபோது, சிவப்புக் கொண்டை வைத்த ஒரு பறவை தள்ளாடித் தள்ளாடிப் பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. அலகு நுனி உடைந்து ரத்தம் கசிந்தது. செங்கொண்டைதான். பூவாயி அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"பூவாயி அக்கா நீங்கதானே?" என்றாள் செங்கொண்டை மூச்சு வாங்க. "உங்களுக்காகத்தான் வந்தேன்."

அப்போதும் பூவாயி கேட்ட கேள்வியைப் பாருங்கள். "இப்பத்தான் என் நினைப்பு வந்துச்சாக்கும் அவளுக்கு? காலையில உன்னை மட்டும்தானே கூப்பிட்டா?"

செங்கொண்டை அவளை அண்ணாந்து பார்த்தாள். "என்னை யாரும் கூப்பிடலை அக்கா. பக்கத்து மரத்தில இருந்தேன், ஓடினேன், அவ்வளவுதான். அவ கூப்பிட்டது உங்க பேரைத்தான். விடிஞ்சதிலிருந்து அதே பேச்சு. 'நீ சுவரை உடைச்சாப் போதும், புகையைப் பார்த்ததும் பூவாயி வந்துடுவா, என்னைத் தூக்கிக்குவா'ன்னு. நான் உடைச்சிட்டேன். நீங்க வரலை. வழியில ஏதாவது ஆயிடுச்சோன்னு அவளுக்கு உங்களைப் பத்திக் கவலை. அதான் பார்த்துட்டு வரச் சொன்னா."

"தூக்கிக்கிறதா? அவ பறந்து வர மாட்டாளா?"

"இறகு ஏது அக்கா அவளுக்கு? அவ சொல்லலையா உங்ககிட்ட?"

சொல்லியிருந்தாள். தை மாதம், இதே கரையில், இதே கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள். பூவாயிக்கு இப்போது ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வந்தது. காதில் விழாமல் போனதெல்லாம் எங்கோ உள்ளே விழுந்துதான் கிடந்திருக்கிறது.

அவள் ஏரியில் இறங்கினாள். பை கொள்ளுமட்டும் தண்ணீர் மொண்டாள். எழும்பினாள். வாய் நிறையத் தண்ணீர் இருந்ததால் வழியெல்லாம் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. அன்றைக்கு அவளுக்கு அது நல்லதாகப் போயிற்று. செங்கொண்டை முன்னால் பறந்து புகைக்குள் வழி காட்டினாள்.

மரத்தின் அடியில் சருகு எரிந்து, தீ வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூவாயி தண்ணீரைக் கொட்டினாள். தீ சீறி, ஒரு பக்கம் அடங்கியது. மேலே பொந்தின் வாசல் உடைந்து திறந்திருந்தது. புகை உள்ளே போகாமல் இருக்க அத்தியம்மை தன் முதுகை வைத்து வாசலை மறைத்துக்கொண்டிருந்தாள். மொட்டைச் சிறகு. அவள் வயிற்றுக்குக் கீழே இரண்டு குஞ்சுகள். பெரியது கத்தியது. சின்னது கத்தவில்லை.

"வந்துட்டியா" என்றாள் அத்தியம்மை. "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

பூவாயி பக்கத்துக் கிளையில் காலை ஊன்றினாள். அலகைத் திறந்து பையை விரித்தாள். அத்தியம்மை பெரிய குஞ்சைத் தள்ளி உள்ளே விட்டாள். சின்னதை அலகால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டுத் தானும் பைக்குள் இறங்கினாள். அவர்கள் வானத்தில் ஏறிய கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

ஏரிக்கரையில் இறக்கிவிட்டபோது ஊர்ப் பறவைகள் எல்லாம் சூழ்ந்துகொண்டன. பூவாயியைப் புகழ்ந்தன. நாரை அவள் கழுத்தைத் தடவிக் கொடுத்தது. பழம் தேடப் போன இடத்தில் புகைக்கு அப்பால் மாட்டிக்கொண்ட அத்தியம்மையின் புருஷனும் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பூவாயிக்குப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது.

பேச்சை மாற்றுவதற்காகச் செங்கொண்டையிடம், "உன் கூடு என்ன ஆச்சு தங்கச்சி?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"அந்த மரம் காலையிலேயே விழுந்துடுச்சு அக்கா" என்றாள் செங்கொண்டை. "முட்டை இருந்துச்சு. அங்க போறதா, இங்க கொத்துறதான்னு நின்னேன். இங்க உசிரோட ஒருத்தி கத்திக்கிட்டு இருந்தா."

பூவாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்தது. அத்தியம்மை தன் ஒற்றைக் குஞ்சை அணைத்தபடி, கோபமே இல்லாமல் கேட்டாள். "பூவாயி, புகையை நீ எப்பப் பார்த்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் பார்த்தேன் என்றால் அத்தியம்மை நம்பியிருப்பாள். பூவாயி சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அவள் நல்லவள்தான்.

"விடிஞ்சதுமே பார்த்தேன்" என்றாள். "உனக்குப் புதுச் சிநேகிதி கிடைச்சுட்டா, நான் வேண்டாதவளாப் போயிட்டேன்னு நினைச்சேன். நீ கூப்பிட்டாத்தான் வரணும்னு உட்கார்ந்திருந்தேன். தை மாசம் நீ பேசினப்போ அவ பேர் அஞ்சு தடவை வந்துச்சு. நான் எண்ணினேன்."

அத்தியம்மை குஞ்சின் தலையில் இருந்த சாம்பலைக் கோதிவிட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னது இதுதான்" என்றாள். "'எனக்குப் பயமா இருக்கு பூவாயி. ஆபத்துன்னா செங்கொண்டை சுவரை உடைப்பா. ஆனா என்னைச் சுமக்க உலகத்தில உன் வாய் ஒண்ணுதான் இருக்கு பூவாயி. நீ வருவேதானே பூவாயி?' உன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் கேட்டேன். நீ தலையை ஆட்டினே. அவ பேரை எண்ணினவ உன் பேரையும் எண்ணியிருந்தா, இன்னிக்கு எனக்கு ரெண்டு குஞ்சு இருந்திருக்கும்."

ஆனாலும் அவள் சிநேகத்தை முறிக்கவில்லை. இறகு முளைக்கும்வரை ஏரிக்கரையிலேயே இருந்தாள். செங்கொண்டையும் கரையோரத்து மரத்தில் புதுப் பொந்து குடைந்துகொண்டாள். பூவாயி அத்தியம்மைக்கும் குஞ்சுக்கும் செங்கொண்டைக்கும் நாள் தவறாமல் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சின்னக் குஞ்சின் பங்குத் தண்ணீரையும் மறந்துபோய் மொண்டு வந்துவிட்டு, யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் கரையில் நிற்பாள்.

அதன்பிறகு கூவல்மலையில் எப்போது புகை கிளம்பினாலும், எவன் மூட்டிய அடுப்புப் புகையாக இருந்தாலும், முதலில் பறந்துபோவது பூவாயிதான். போய்க் கேட்பதும் ஒரே கேள்விதான். "உசிரோட இருக்கியா?"

கதை இத்தோடு முடிந்தது. இதைக் கேட்டவர்களும் கேட்கப்போகிறவர்களும் மனசில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: தூரத்தில் இருக்கிற சிநேகிதருக்கு ஆபத்து என்று கண்ணில் பட்டால், அவர் நம்மைத் தேடினாரா என்று காத்திருக்காமல் நாமே முதலில் போய் அவரைத் தேட வேண்டும்.