தமயந்தி வீட்டுக் கதவு

நெட் சரியில்லை என்று புகார் சொன்ன தமயந்தி வீட்டுக்கு மூன்றாம் முறை போய்த் திரும்பிய அன்று, சவரிமுத்து செண்பகவல்லியிடம் கேட்டார்.

"மேடம், நாலு கொம்பு வச்ச ரவுட்டரே வாங்க வச்சாச்சு. அப்பவும் நெட் போகுதுங்காங்க. அதைவிட நல்ல ரவுட்டர் எது?"

செண்பகவல்லிக்கு முப்பத்திரண்டு வயது. கோவில்பட்டியில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றின் தலைமை டெக்னீஷியன். சவரிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று. கேபிள் டி.வி. லைன் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐந்து மாதமாக செண்பகவல்லியிடம் வேலை கற்றுக்கொள்கிறார்.

"நீங்க போயிருக்கும்போது போச்சா?"

"ஒரு தடவைகூடப் போகல. சும்மா சொல்றாங்களோன்னு தோணுது."

செண்பகவல்லி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்த தமயந்தி, சவரிமுத்துவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு என்னால ஓயாம அலைச்சல், அண்ணாச்சி."

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் அவர். தொடங்கியதுமே அறுந்துபோகும் வகுப்பு வேண்டாமென்று ஒன்பது பேரில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள்.

வகுப்பு எடுக்கும் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மேஜையில் புது ரவுட்டர் இருந்தது. பக்கத்தில் ஃபைபர் ஒயர் வந்து சேரும் சின்னப் பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிந்தது. செண்பகவல்லி இரண்டையும் தொடவில்லை.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"இப்ப நான் மட்டுந்தான். வீட்டுக்காரர் வேலை வெளியூர்ல. நாத்தனா சுகந்தி இங்க இருந்து பரீட்சைக்குப் படிச்சா. வீடியோ பார்த்து நெட்டை அவதான் இழுக்கான்னு அண்ணாச்சி சொன்னாங்க. நானும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டு திருநெல்வேலி ஹாஸ்டலுக்குப் போயிட்டா. பதினஞ்சு நாளாப் பேசல."

சவரிமுத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"நெட் எப்ப போகுது?"

"கிளாஸ் ஆரம்பிச்ச ஒடனே. நான் கதவை..."

"அதுதான் மேடம், ஆறு பிள்ளைங்க ஒரே நேரத்துல வந்தா..." என்று சவரிமுத்து தொடங்கினார்.

செண்பகவல்லி கையை லேசாக உயர்த்தினார். அவர் நிறுத்திக்கொண்டார்.

"கிளாஸுக்கு முன்னால என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. நேரம் இருக்கு."

தமயந்தி யோசித்து யோசித்துச் சொன்னார். "ஒரு சொம்புல தண்ணி எடுத்து வச்சுக்குவேன். ஃபேனைக் குறைப்பேன். கம்ப்யூட்டரை ஆன் பண்ணிப் பிள்ளைங்களைக் கூப்பிடுவேன். தெருச் சத்தம் கேக்கும், அதனால கதவைச் சாத்திருவேன். அவ்வளவுதான்."

செண்பகவல்லி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

பெட்டியில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

கதவைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது. மறுபடி சாத்தினார். சிவப்பு.

சவரிமுத்து கதவின் கீல் பக்கம் பார்த்தார். கூடத்திலிருந்து வந்த மெல்லிய ஒயர் அந்த இடுக்கு வழியாகத்தான் அறைக்குள் நுழைந்தது. கதவு மூடும்போதெல்லாம் அது நசுங்கியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இணைப்புக் கொடுத்தபோது அதை அப்படி விட்டது அவர்தான். அன்று இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. சுவரில் துளை போடச் சோம்பல். தமயந்தி வீட்டில் அன்று யாரும் இல்லை, சவரிமுத்து பக்கத்து வீட்டில்தான் சாவி வாங்கினார். மூன்று முறை சோதிக்க வந்தபோதும் அறைக்கதவு திறந்தே கிடந்தது.

"அப்ப நான் கதவைச் சாத்துனதுதான் தப்பா?" என்றார் தமயந்தி.

செண்பகவல்லி சவரிமுத்துவைப் பார்த்தார்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். "சில வீட்ல இப்படி ஆகும்மா. சரி பண்ணிரலாம்."

டிரில்லிங் மெஷினை அவரே எடுத்தார். சுவரில் துளை போட்டு, நசுங்கிய ஒயரை மாற்றி, புதிதாக இழுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. கதவைச் சாத்தினார்கள். பச்சை அப்படியே நின்றது.

"இந்த ரவுட்டர் வேணுமா, மேடம்?" என்று தமயந்தி கேட்டார்.

"வேணாம்மா. உங்க வீட்டுக்குப் பழசே போதும். இதை நாங்க திருப்பி எடுத்துக்கிறோம்."

தெருவுக்கு வந்ததும் சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, முடிஞ்சுது. கிளம்பலாமா மேடம்?"

செண்பகவல்லி வண்டியை எடுக்கவில்லை.

"அந்தம்மா இப்ப நாத்தனாவுக்குப் போன் பண்ணணும். என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க, அண்ணாச்சி?"

சவரிமுத்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்.

"அந்த ஒயரை இடுக்குல விட்டது நான்தாம்மா" என்றார். அவரால் தமயந்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "செவுத்துல ஓட்டை போடச் சோம்பப்பட்டேன். உங்க நாத்தனா மேல பழி போட்டதும் நான்தான். உள்ள வச்சே சொல்லியிருக்கணும். வாய் வரல."

தமயந்தி செல்போனில் ஒரு எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினார்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவ கிளம்பும்போது நான் அழுதும் கேக்கல. அவகிட்ட சொல்லுங்க."

மணி அடித்தது. சுகந்தி எடுத்தார். தன் பெயரையும் வேலையையும் சொல்லிவிட்டு, சவரிமுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பேசி முடித்ததும் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

செண்பகவல்லி வண்டியருகே நின்றுகொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மேடம். நான் முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் வச்சுட்டாங்க."

"நடுவுல மறிச்சுப் பேசலையா?"

"இல்ல."

"இந்தம்மா கதவைப் பத்திச் சொல்ல வந்தப்ப நீங்க முடிக்க விடல, அண்ணாச்சி."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு பின் சீட்டில் ஏறினார்.