தலைவர் கேட்ட ரேஸ் கேம்ஷாஃப்ட்

எங்கள் நகராட்சித் தலைவர் குழந்தைசாமிக்கு வேகம் என்றால் உயிர். தன் பெயர் என்றால் அதைவிட உயிர். ஒருநாள் மெக்கானிக் பூவாத்தாளின் பட்டறைக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இருக்கிறதுலயே பெரிய ரேஸ் கேம்ஷாஃப்டா பாத்து மாட்டு. ஆனா ஊர்வலத்துல மெல்லப் போறப்ப வண்டி ஆஃப் ஆகக் கூடாது. ஆச்சுன்னா பட்டறைக்கு சீல் வெச்சிருவேன்."

"இன்ஜின் மூச்சு விடற கணக்கே கேம்லதானுங்க இருக்குது. ரேஸ் கேம் பறந்தாத்தான் இழுக்கும், ஊர்ந்தா நின்னுரும்."

"எனக்கே பாடம் நடத்தறியா?"

"இல்லீங்க. அதே கேம் மாட்டின வண்டி ஒண்ணு வெளிய நிக்குது. உங்க வீடு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. புடிச்சிருந்தா சும்மாவே மாட்டித் தர்றேன்."

தலைவர் தொண்டர்களை ஏற்றிக்கொண்டு உறுமிக் கிளம்பினார். முதல் வேகத்தடையில் வேகத்தைக் குறைத்தார், இன்ஜின் நின்றது. ஓரத்துப் பலகையில் கைகூப்பிய அவர் படம். அதன் கீழே, 'இவ்வேகத்தடை தலைவர் குழந்தைசாமி அவர்களின் பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது.' இறங்கித் தள்ளிக் கிளப்பினார்கள். அடுத்த வேகத்தடையிலும் நின்றது. அங்கேயும் அதே பலகை, அதே கும்பிடு. வீடு வரைக்கும் இதே கதைதான். தொண்டர்கள் பழக்கதோஷத்தில் "தலைவர் வாழ்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியைப் பட்டறைக்குத் திரும்பத் தள்ளி வந்தார்கள்.

வியர்த்து இறங்கிய தலைவர், "ரோடு சரியில்ல" என்றார்.

"ஆமாங்க," என்றாள் பூவாத்தாள். "உங்க பேரு இல்லாத ரோடு ஒண்ணு காட்டுங்க. இப்பவே மாட்டித் தர்றேன்."